தெருவுக்கு உரிய சுவர்

மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு தெருக்காட்சி உண்டு. மலர்வனம் புக்க காதையில் மணிமேகலை தன் தோழி சுதமதியுடன் பூக்கொய்யப் புறப்படுகிறாள். புகார் வீதியில் பெருங்கூட்டம். கள்ளுண்டவன் ஒருவன் சமண முனிவரை வழிமறித்து வம்பு பேசுகிறான். அவன் பின்னே சிலர். பித்தன் ஒருவனைச் சுற்றிச் சிலர். பேடியின் கூத்தைக் கண்டு நிற்பவர் சிலர். இவர்களோடு இன்னொரு கூட்டத்தையும் சாத்தனார் காட்டுகிறார். சுட்ட செங்கல்லால் ஓங்கி எழுந்த வீடுகளின் வெண்சுதைச் சுவர்களில், வானவர் தொடங்கி எல்லா உயிர்களின் உருவங்களையும் கைதேர்ந்த கலைஞர் தீட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தபடியே வீதியில் நின்றுவிட்டவர்கள் அவர்கள்.

பலமுறை படித்த பகுதிதான். ஆயினும் ஒன்றை அண்மையில்தான் கவனித்தேன். அந்த வீடுகள் யாருடையவை என்று புலவர் சொல்லவில்லை. வணிகன் வீடா, அரசு அலுவலன் வீடா என்ற பேச்சே அங்கு இல்லை. சுவர் எழுப்பியவனை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றவனைப் பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார். பிற்பகுதியில் அந்தப் புகார் நகரத்தைக் கடல் கொள்கிறது. வீடுகள் போயின, ஓவியங்கள் போயின, பார்த்து நின்றவர்கள் மட்டும் பாட்டில் இருக்கிறார்கள்.

இதற்கு இணையான காட்சி பரிபாடலிலும் உண்டு. திருப்பரங்குன்றத்தைப் பாடும் நப்பண்ணனார், அங்கிருந்த சித்திர மண்டபத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறார். வந்தவர்களில் ஒருவர் ஓர் உருவத்தைச் சுட்டி இது யார் என்று வினவ, மற்றவர் இவன் காமன், இவள் இரதி என்கிறார். பூனையாகி ஓடும் இந்திரன், அகலிகை, சினந்து நிற்கும் கௌதமன் எல்லாம் இன்னின்னது என்று சுட்டிக் காட்டப்படுகின்றன. பொதுவிடத்து ஓவியத்துக்கு நம் இலக்கியம் தரும் இலக்கணம் இதுதான் என்பது என் கருத்து: முன்பின் பழகாத ஒருவர் சுட்ட, இன்னொருவர் விடை சொல்ல இடங்கொடுக்கும் சுவர். அதை எழுதியவன் பெயர் தெரிய வேண்டியதில்லை. அது எவனுடைய உடைமை என்பதும் வேண்டியதில்லை.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நாம் வாழும் டாக்குரியாவுக்கு வருவோம். கல்கத்தா 2001 முதல் கொல்கத்தா ஆகிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் கல்கத்தாதான். அந்தப் பெயரையே நானும் வைத்துக்கொள்கிறேன்.

1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்தான் தெற்குக் கல்கத்தாவின் பெரும்பகுதியை வகுத்தது. சதுப்பும் புதரும் மண்டிய நிலத்தில் 1920-களில் ஏரி தோண்டினார்கள். டாக்குரியா லேக் என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிய அதற்கு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் சூட்டப்பட்டது. ஏரியைச் சுற்றியும், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டியும், ரயில் பாதைக்கு அப்பால் டாக்குரியாவிலும் 1930-கள் முதல் 1950-கள் வரை வீடுகள் எழுந்தன. கட்டியவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். வக்கீல், மருத்துவர், கல்லூரி ஆசிரியர், அரசாங்க எழுத்தர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களும் கையில் இருந்ததைக் கொண்டு இப்பகுதியில் கட்டிக்கொண்டார்கள். லேக் மார்க்கெட்டைச் சுற்றி முதலில் குடியேறிய நம்மவர் பலர், பிறகு இந்த வீடுகளின் கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வந்தார்கள்.

அவ்வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம், ஆனால் பார்த்தோமா என்பது வேறு கேள்வி. தெருவை ஒட்டி ஒரு மேடை. வங்காளியர் அதை ரோக் என்பர், நமக்கு அது திண்ணையன்றி வேறில்லை. மாலையில் அங்கே நான்கு பேர் உட்கார்ந்தால் அட்டா தொடங்கிவிடும். பச்சை வண்ணம் அடித்த மரச் சன்னல்கள். அவற்றின் சாய்வுப் பட்டைகளைக் கொர்கொரி என்பார்கள். ஒரு கோலை ஏற்றி இறக்கினால் காற்று வரும், வெளிச்சம் அளவாக வரும், உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். உள்ளே சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. ஓரத்தில் கறுப்புக் கரை கட்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் கால் பட்டும் துணி பட்டும் மெருகேறிய தரை அது. நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவர் செம்பினால் செய்தாற்போல மின்னுகிறது என்று நக்கீரர் சொல்வாரே, அந்த உவமை எனக்கு விளங்கியது டாக்குரியாவில் ஒரு கூடத்துத் தரையில் விழுந்த காலை வெயிலைப் பார்த்தபோதுதான்.

வெளிமுகப்புதான் இக்கட்டுரைக்கு முதன்மை. அரைவட்டமாக வளைந்த பால்கனி. கப்பலின் மேல்தளம் போலச் சுவரைச் சுற்றி ஓடும் கிடைக்கோடுகள். மாடிப்படிக்கு நேராக மேலிருந்து கீழ்வரை ஒற்றைக் கண்ணாடிப் பட்டை. இரும்புக் கம்பி வேலைப்பாட்டில் விரியும் சூரியன், மயில், ஆந்தை, சில வீடுகளில் வெறும் வட்டங்களும் முக்கோணங்களும். பாரிசிலும் நியூயார்க்கிலும் பம்பாயிலும் ஆர்ட் டெகோ என்று பெயர் பெற்ற பாணி இது. அது சினிமாக் கொட்டகை வழியாகவும் இதழ்களின் படங்கள் வழியாகவும் இங்கு வந்து ராஜமிஸ்திரியின் கரண்டியில் உருமாறிவிட்டது. பாரிசுச் சூரியன் பாதி, கோயில் திருவாசி பாதி. இரண்டு வீடுகள் ஒன்றுபோல் இரா. இதுதான் அவற்றின் வியப்பு. கொத்தனார் யாரும் கையெழுத்திட்டதில்லை. வாயிற்கல்லில் வீட்டின் பெயர் மட்டும் இருக்கும். பெரும்பாலும் வீட்டுக்காரரின் தாயார் பெயர்.

இவற்றைப் பொதுச் சுவரோவியம் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். சாத்தனார் காட்டிய மண்ணீட்டாளர் சுதையால் உருச்செய்தவர். டாக்குரியா மிஸ்திரியும் சுதையால்தான் செய்தார். சுவரின் உட்புறம் வீட்டுக்காரருக்கு. வெளிப்புறத்தை வீட்டுக்காரர் நாள்தோறும் பார்ப்பதில்லை, எதிர்வீட்டுக்காரரும் தெருவில் போகிறவரும்தான் பார்க்கிறார்கள். ஆகவே அந்தச் சூரியன் தெருவுக்கென்று செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இவ்வுண்மையை முழுமையாக உணர்ந்து நடந்துகொண்டவர்கள் இந்நகரில் ஒரே ஒரு சாரார்தான். அவர்கள் அரசியல் கட்சிக்காரர்கள். தேர்தல் வருகிறது என்றால் தேவால் லிகன், அதாவது சுவரெழுத்து, தொடங்கிவிடும். சுண்ணாம்பு அடித்து, எந்தக் கட்சிக்கு இச்சுவர் என்று மூலையில் எழுதி முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். கேலிச்சித்திரமும் அடுக்குமொழிப் பாட்டும் சேர்ந்த அக்கலையில் கைதேர்ந்த ஓவியர்கள் இருந்தார்கள். 1976-இல் சொத்தைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் மேற்கு வங்காளத்தில் வந்தும் அது எளிதில் ஓயவில்லை. வீட்டுக்காரரைக் கேளாமல் எழுதியது தவறே. ஆயினும் சுவரின் வெளிமுகம் தெருவுக்குச் சொந்தம் என்று அவர்கள் கருதினார்களே, அதில் ஓர் உண்மை இருந்தது.

இனி ஒரு வீடு எப்படிப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். இதைப் பிறர் மீது ஏற்றிச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

1971 முதல் நாங்கள் டாக்குரியாவில் குடியிருந்த வீட்டைக் கட்டியவர் ஒரு வக்கீல். அவருக்கு மூன்று ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள். அவர்களில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் தில்லியில். மேல்தளத்தில் வக்கீலின் மனைவி, எங்களுக்கு மாசிமா, கீழ்த்தளத்தில் நாங்கள். வாடகை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் பேசியது. பழைய வாடகைச் சட்டத்தின் காப்பில் நாங்கள் கொடுத்த தொகையைக் கொண்டு மழைக்காலத்தில் ஒழுகும் கூரையைக்கூடச் செப்பனிட முடியாது. இதைச் சொல்ல எனக்கு நாணமாகத்தான் இருக்கிறது. வீடு பாழானதற்கு வீட்டுக்காரரின் அலட்சியம் காரணம் என்று எழுதுவோர் வாடகைக்காரரின் பங்கை எழுதுவதில்லை.

அப்போதுதான் புரமோட்டர் வந்தார். வங்காளத்தில் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஐந்து பங்காளிகளும் தங்களுக்குள் வீட்டைப் பிரித்துக்கொள்ள இயலாது. ஒரே மாடிப்படியை ஐந்தாக வகுப்பது எப்படி? புரமோட்டர் வகுத்துத் தருகிறார். நிலம் இவர்களுடையது, கட்டுமானச் செலவு அவருடையது. எழும் அடுக்குகளில் இவர்களுக்குச் சில, அவர் விற்பதற்குச் சில, வாடகைக்காரர் வெளியேற ஒரு தொகை. இதில் கொடியவர் என்று எவருமில்லை. எல்லோருக்கும் நியாயமாகவே கிடைக்கிறது. தெருவுக்கு மட்டும் பங்கில்லை. அதற்காகக் கையெழுத்திட ஆள் இல்லை.

கையெழுத்திடும் நாளன்று மாசிமா என் மனைவியிடம் கேட்ட கேள்வியை மறக்க இயலவில்லை. "பௌமா, புது ஃபிளாட்டில் உன் கொலுவை எங்கே வைப்பாய்?" என்றார். முன்னறையில் ஒன்பது படி கட்டி, கொர்கொரிச் சன்னலை முழுதும் திறந்து வைப்போம். பூஜைக்குப் பந்தல் பந்தலாகச் சுற்றும் வங்காளிக் குழந்தைகள் ரோக்கில் ஏறி நின்று எட்டிப் பார்த்துச் செல்வார்கள். மாசிமாவே அவர்களுக்குத் தசாவதாரத்தை விளக்குவார், பரிபாடல் காட்சிதான். என் மனைவி விடை சொல்லவில்லை. நான் கையெழுத்திட்டேன். அந்தத் தொகையைச் சேர்த்துத்தான் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினோம். மின்தூக்கி உண்டு, தண்ணீர் நிற்பதில்லை, என் முழங்கால் வலிக்கு அது பெரும் உதவி. கொலு இப்போது மூன்று படி.

2009-இல் வீட்டை இடித்தார்கள். முதலில் சன்னல்களைக் கழற்றினார்கள். பிறகு கம்பிகள். தேக்கும் இரும்பும் விலைபோகும் பொருள்கள். அவற்றை வாங்கத் தனி வணிகர்கள் உண்டு. சுதைச் சூரியனுக்கு விலையில்லை. அது கடப்பாரையின் இரண்டாம் அடியில் விழுந்தது.

இந்த இழப்பைப் பொதுவில் பேச வைத்தவர் ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியர் அமித் சௌதுரி. 1962-இல் கல்கத்தாவில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். விடுமுறைக்குத் தெற்குக் கல்கத்தாவில் மாமா வீட்டுக்கு வந்துபோன சிறுவன். 1991-இல் வந்த அவருடைய முதல் நாவல் அத்தகைய ஒரு வீட்டைப் பற்றியது. 2013-இல் வெளியான கல்கத்தா பற்றிய நூலில், இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் பச்சைச் சன்னலைத் தாம் விலைக்கு வாங்கியதை எழுதுகிறார். 2015-இல் அமர்த்தியா சென் உள்ளிட்டோர் துணைநிற்க, இவ்வீடுகளைக் காக்க வேண்டும் என்று இயக்கமே தொடங்கினார்.

அவர் வாதத்தில் நான் பெரிதும் மதிப்பது ஒன்று. பாரம்பரியம் என்றால் அரண்மனை, ஆங்கிலேயர் கட்டிய அலுவலகம், அல்லது பெரியவர் பிறந்த வீடு என்றுதான் அரசாங்கப் பட்டியல்கள் எண்ணுகின்றன. பெயரற்ற மிஸ்திரி நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டுக்கு அங்கே இடமில்லை. ஒரு வீடு தனியாகச் சிறந்ததன்று. தெரு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டாத வீடுகள் அடுத்தடுத்து நிற்பதே அழகு என்கிறார் அவர். இலக்கியத்தில் தனிப்பாடலுக்கும் தொகைநூலுக்கும் உள்ள உறவை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவரின் பாட்டு நக்கீரர் பாட்டுக்கு அருகே நிற்கிறது. பெயரில்லை என்று எவரும் அதைக் கிழித்துவிடவில்லை.

அவரது தீர்வில்தான் எனக்கு ஐயம். பழைய வீட்டை இடியாமல் வைத்திருப்பவர், தம் மனையில் கட்டக்கூடிய கூடுதல் பரப்பின் உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை அவர் பரிந்துரைக்கிறார். பம்பாயில் 1990-கள் முதல் இது விதிகளில் இடம்பெற்றது. நல்ல ஏற்பாடே, வீட்டுக்காரருக்கு இடிக்காமலே பணம் வரும். ஆனால் பங்காளிகள் ஐவர் இருந்தால் பணத்தைப் பிரித்துக்கொண்ட பிறகும் மாடிப்படி ஒன்றாகவே இருக்கும். ஒழுகும் கூரையின் கீழே யார் குடியிருப்பது? வாடகைக்காரர் எங்கே போவார்? வீட்டைக் காப்பது வேறு, வீட்டில் வாழ்வது வேறு. சௌதுரி வாங்கிய சன்னலையே எடுத்துக்கொள்வோம். அவர் கண்ணில் அது பட்டதால் பிழைத்தது. ஆனால் சுவரை விட்டுப் பிரிந்த கொர்கொரி எந்தத் தெருவைப் பார்க்கும்? விடுமுறைக்கு வந்த சிறுவனின் கண்ணே இவ்வியக்கத்தின் வலிமை. அதன் குறையும் அதுவே. கூரைக்குக் கீழே மழையில் வாளி வைத்தவர்களின் குரல் இதில் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும்.

பட்டியலில் இடம்பெற்ற கட்டடங்களின் கதை மேலானதா என்றால் அதுவும் இல்லை. மாநகராட்சி வகுத்த தரங்களில் மூன்றாம் தரம் என்றால், இடித்துவிட்டு முன்பு இங்கே இன்ன கட்டடம் இருந்தது என்று பலகை வைத்தால் போதும். தரத்தைக் குறைத்தால் இடிக்க வழி பிறக்கும். லிட்டில் ரஸ்ஸல் தெருவில் பழைய கெனில்வொர்த் ஓட்டல் அவ்வாறே தரம் இறக்கப்பட்டு இடிபட்டது. இதற்கெல்லாம் முன்னோடி, கல்லூரித் தெருவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை. 1870-களின் தொடக்கத்தில் கிரேக்கத் தூண்களோடு எழுந்த அதனை 1960-இல் இடித்தார்கள். பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு நினைவாக அங்கே வேறொரு கட்டடம் நிற்கிறது. நூறாண்டைக் கொண்டாடுவதற்காக நூறாண்டுச் சின்னத்தையே இடித்த விந்தை வேறெங்கும் நடந்ததுண்டா? அதே பதிற்றாண்டில் சிஸ்ஹோம் சேப்பாக்கத்தில் கட்டத் தொடங்கிய சென்னைச் செனட் மாளிகை இன்றும் நிற்கிறது என்று நம்மவர் சற்றே பெருமைப்படலாம். 1985-இல் எரிந்த மூர் மார்க்கெட்டை நினைத்தால் அப்பெருமை அடங்கிவிடும். நம்முடைய லேக் மார்க்கெட்டும் லேக் மால் ஆகிவிட்டது. வாழையிலையும் முருங்கைக்காயும் கீழே இன்னும் கிடைக்கின்றன என்பது ஓர் ஆறுதல்.

வண்ணத்தில் எழுதிய சுவரோவியம் என்றே பேச வேண்டுமாயின், இம்மாநிலத்தில் அதற்குத் தலைமையிடம் சாந்திநிகேதன். 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. அங்கே ஹிந்தி பவனத்தில் வினோத் பிஹாரி முகர்ஜி 1946-47-இல் தீட்டிய சுவரோவியத்தை நம்மவர் ஒவ்வொருவரும் காண வேண்டும். ஈரச் சாந்தின்மீதே வண்ணம் வைத்து, மூன்று சுவர்களின் மேற்பகுதியில், இடைக்காலத்து அடியார்களின் வாழ்வை எழுதினார். கபீரும் சூர்தாசரும் துளசிதாசரும் இருக்கும் அந்தக் கூட்டத்தில் நம் இராமாநுசரும் இருக்கிறார். அடியார்கள் தனித்தனியே பீடத்தில் நிற்கவில்லை. வீதி மக்களோடு மக்களாக நடக்கிறார்கள். ஆறு ஓடுவதைப் போல உருவங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து செல்கின்றன. சிறுவயது முதலே பார்வை குறைந்த ஓவியர், சுவரில் முழுஅளவு மாதிரிப்படம் எதுவும் ஒட்டாமல் இதனை எழுதினார் என்பதை எண்ணினால் மெய்சிலிர்க்கும். பத்தாண்டுக்குப் பின் அவர் பார்வையை முற்றும் இழந்தார். அவர் மாணவர் சத்யஜித் ராய் 1972-இல் எடுத்த குறும்படம் அவரைப் பற்றியதே.

அவ்வோவியத்தில் உதவிக்கு நின்ற இளைஞர்களில் ஒருவர் கே.ஜி.சுப்ரமணியன். வடகேரளத்துக் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கையில் விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1944-இல் சாந்திநிகேதனுக்கு வந்து சேர்ந்தார். இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல நான் தயங்க வேண்டியதில்லை. நாம்தான் அவரைப் போதிய அளவு அறியாமல் இருந்துவிட்டோம். லக்னோவில் ரவீந்திராலயத்தின் வெளிச்சுவரில் 1963-இல் சுடுமண் ஓடுகளால் அவர் அமைத்த பெருஞ்சித்திரம் தாகூரின் நாடகம் ஒன்றைத் தழுவியது. பிற்காலத்தில் சாந்திநிகேதனுக்கே திரும்பி, கலாபவனத்தில் ஒரு கட்டடத்தின் வெளிப்புறம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக ஓவியம் எழுதினார். விலங்கும் பறவையும் மனிதரும் மரமும் சன்னலை விட்டுச் சுவருக்கும், சுவரை விட்டு மூலைக்கும் தாவுகின்றன. சன்னல் அங்கே தடையாக இல்லை, படத்துக்குள் ஓர் உறுப்பாகிவிட்டது. வங்காளத்து மழையில் அது மங்கியபோது அவரே மறுபடி எழுதினார். 2009-இல், 85-ஆம் வயதில், சாரத்தில் ஏறி நின்று பழையதை அப்படியே படியெடுக்காமல் புதிதாகவே தீட்டினார். 2016-இல் மறைந்தார்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: ஓவியரே தம் படைப்பை அழித்து எழுதினார், கோலத்தை நாம் நாள்தோறும் அழித்துப் போடுகிறோம், வங்காளியர் துர்க்கைப் பந்தலை ஐந்து நாளில் பிரிக்கிறார்கள், பழைய வீடு போய்ப் புதிய வீடு வருவதில் மட்டும் என்ன குறை? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தவர் தங்கள் ஓவியத்தைத் தீட்டினார்கள். அதனாலேயே கீழிருந்தது பிழைத்தது, 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி அதைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்பொருள் துறையினர் மேற்படலத்தைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து இரண்டையும் காத்தார்கள். மேலே மேலே எழுதுவது அழிவன்று. ஆனால் அதற்குச் சுவர் நிற்க வேண்டும். வாசல் இருந்தால்தான் அழித்த கோலத்தை மறுநாள் போடலாம். சுப்ரமணியன் திரும்பி வந்தபோது அந்தக் கட்டடம் நின்றது. எங்கள் தெருவுக்கு அந்த மிஸ்திரியின் பேரன் வந்தால் எந்தச் சுவரில் ஏறுவான்? புது அடுக்கின் தரைமட்டத்தில் சுவரே இல்லை, தூண்களும் கார்களும்தான். ரோக் இருந்த இடத்தில் இரும்புக் கதவும் காவலாளியின் நாற்காலியும்.

சொந்த ஊரிலும் நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் விற்பனைக்கு நின்றதை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை விலை கேட்டும் பார்த்தேன்.

இம்மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, இடிந்த எங்கள் வீட்டின் படம் ஒன்றையும் கொடுக்க எண்ணித் தேடினேன். வீட்டை மட்டும் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. நாற்பதாண்டு அருகே குடியிருந்தும் எங்களுக்கு அது தோன்றவில்லை. கிடைத்தது 1974-இல் எடுத்த ஒன்று. மகனின் காதுகுத்தல் நாள். ரோக்கில் என் மாமியார் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். மாசிமா பக்கத்தில் நிற்கிறார். ஓரத்தில் முகம் தெரியாத ஒரு தெருக்காரர், வழியோடு போனவர், நின்று பார்க்கிறார். அவர்கள் தலைக்குமேல் சன்னலும், அதன்மேல் சூரியனில் பாதியும் விழுந்திருக்கின்றன. மறுபாதியைப் படம் பிடித்தவர் விட்டுவிட்டார். டாக்குரியா, ஜோத்பூர் பார்க், லேக் மார்க்கெட் பகுதிகளில் குடியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் இப்படிச் சில படங்கள் இருக்கும்: கல்யாணம், பூணூல், பள்ளிக்கு முதல் நாள். அவற்றில் மனிதர்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து, எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று பின்பக்கம் பென்சிலால் எழுதிச் சங்கத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சூரியனின் மறுபாதி வேறு யார் வீட்டுப் படத்திலாவது இருக்கக்கூடும்.